இரு நோய்க்கு ஒரு மருத்துவம்

ஒருவரை ஒரே காலத்தில் இரண்டு நோய்கள் பற்றிக்கொள்ளுமாயின், எதனை முதலில் தீர்ப்பது என்னும் வினா எழுவது இயல்பு. காய்ச்சலும் கால்முறிவும் ஒருங்கே நேர்ந்தால் மருத்துவர் இரண்டையும் ஒருசேரக் கவனிப்பார். 'காய்ச்சல் தீர்ந்தபின் வா. பிறகு காலைப் பார்க்கலாம்' என்று எந்த மருத்துவரும் சொல்லார். ஆனால் உள்ளத்தைப் பற்றிய நோய்களில் இத்தகைய விடையே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. கொடிய நிகழ்ச்சியொன்றால் உள்ளம் புண்பட்டு, அப்புண்ணின் வலி தாங்காமல் போதைப் பொருளை நாடி, நாளடைவில் அதற்கு அடிமையாகிப் போனவர்கள் உளர். அவர்கள் போதையை விடுவிக்கும் நிலையத்திற்குச் சென்றால், 'இங்கே போதையை மட்டுமே பார்ப்போம். பழைய துயரைக் கிளறவேண்டா' என்றனர். உளநோய் மருத்துவரிடம் சென்றால், 'முதலில் போதையை விட்டுவிட்டு வாருங்கள்' என்றனர். இந்த இரண்டு வாயில்களுக்கும் இடையே நின்று வாடியவர் பலர்.

இன்று மருத்துவ உலகம் அவர்களுக்குத் தரும் விடை வேறு. இரண்டு நோய்களையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒருசேரத் தீர்க்க முயலவேண்டும் என்பதே அவ்விடை. அஃது எவ்வாறு பிறந்தது என்பதை அறிய, அமெரிக்கப் படைவீரர்கள் வியட்நாம்ப் போரிலிருந்து வீடு திரும்பிய காலத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

வியட்நாமில் கண்ட வியப்பு

1971ஆம் ஆண்டு மே மாதத்தில், ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்பி என்னும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் இருவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வியட்நாமிலுள்ள அமெரிக்கப் படைவீரருள் 10 முதல் 15 விழுக்காட்டினர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டனர் என்பது அதன் சாரம். அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பினை மேலும் பக்குவம் செய்து ஆக்கப்படுவது ஹெராயின். அந்நாளில் வியட்நாமில் கிடைத்த ஹெராயின் மிகத் தூயது, விலையும் மலிவு. எனவே ஊசி வழியே ஏற்றிக்கொள்ளாமல், சிகரெட்டில் கலந்து புகைப்பதே பெரும்பாலோர்க்குப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்க மக்கள் அஞ்சினர். ஹெராயினுக்கு ஒருமுறை அடிமையானவன் என்றென்றும் அடிமையே என்பது அன்றைய நம்பிக்கை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதிபர் நிக்சன் போதைப் பொருளை நாட்டின் முதற்பெரும் பகையென அறிவித்து, ஜெரோம் ஜாஃபி என்னும் மருத்துவரைத் தடுப்புப் பணியின் தலைவராக்கினார். வீடு திரும்பும் ஒவ்வொரு வீரனுடைய சிறுநீரும் சோதிக்கப்பட்டது. ஹெராயின் தடயம் காணப்பட்டவர்கள் சில நாட்கள் அங்கேயே நிறுத்தப்பட்டு, போதை தெளிந்த பின்னரே விமானம் ஏற்றப்பட்டனர்.

இவ்வாறு திரும்பியவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்பதை ஆராயும் பொறுப்பு, செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸ் என்னும் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய ஏறத்தாழ 900 வீரர்களை அவருடைய குழுவினர் தேடிக் கண்டு வினவினர். வியட்நாமில் இருந்தபோது மூவரில் ஒருவர் ஹெராயினைத் தொட்டவர். ஐவரில் ஒருவர் அடிமையானவர். ஆனால் நாடு திரும்பிய மூன்றாண்டுக் காலத்தில், அங்கு அடிமையாக இருந்தவருள் 12 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையாயினர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஊர் திரும்பிய பின்னும் ஹெராயினைத் தொட்டுப் பார்த்தவர்களே. அவ்வாறிருந்தும் பெரும்பாலோர் அதில் சிக்கவில்லை. முதலில் இம்முடிவை நம்ப மறுத்தவர் பலர்.

போதைக்கு இடமும் சூழலும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று. காட்டையும் களத்தையும், அங்கே பழகிய தோழரையும், எளிதில் கிடைத்த சரக்கையும் விட்டுப் பிரிந்தவர்கள், அவற்றோடு ஹெராயினையும் விட்டுப் பிரிந்தனர். மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வீரர்களுள் பலர் வியட்நாமில் இறங்கிய சின்னாட்களிலேயே, போர்முனையைக் காணுமுன்னரே, ஹெராயினைத் தொடங்கியவர்கள். ஆகவே போதைப் பழக்கம் அனைத்தும் அதிர்ச்சியால் வந்தது என்று கூறுதல் பிழையாகும்.

ஆயின், களத்தை விட்டு வந்தும் களம் தம்மை விடாதவர்களின் நிலை யாது? சிலருக்கு உடல் மட்டுமே வீடு வந்து சேர்ந்தது. உறக்கத்திலும் விழிப்பிலும் அவர்கள் இன்னும் அக்காட்டிலேயே இருந்தனர். சூழல் மாறினால் போதை விலகும் என்னும் உண்மை இவர்களுக்கு எவ்வாறு பயன்படும்? தீர்க்கவேண்டிய சிக்கலின் முடிச்சு இதுவே.

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு

இவர்களுடைய துன்பத்திற்கு அந்நாளில் மருத்துவ நூல்களில் தக்க பெயர் இல்லை. 1970ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கில் போர் திரும்பிய வீரர்கள் சிலர் கூடி, தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் ஒருவருக்கொருவர் மனந்திறந்து பேசலாயினர். ஹைம் ஷாட்டன், ராபர்ட் லிஃப்டன் என்னும் உளநோய் மருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்து செவிமடுத்தனர். ஷாட்டன் 1972இல் செய்தித்தாள் வழியே இந்நிலையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார். இவர்களும் பிறரும் முயன்றதன் பயனாக, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்வகை நூலின் மூன்றாம் பதிப்பில் இந்நோய் இடம்பெற்றது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனஅழுத்த நோய் என்று தமிழில் இதனைக் கூறலாம். சுருக்கம் கருதி, இனி 'அதிர்ச்சிநோய்' என்றே குறிக்கப்படும்.

போர், வன்கொடுமை, கொடிய விபத்து, இயற்கைப் பேரழிவு முதலிய உயிர் நடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஆளானவரிடத்து இந்நோய் தோன்றக்கூடும். அதன் குறிகளை நான்காகப் பகுப்பர். முதலாவது, அந்நிகழ்ச்சி அழையாமலே வந்து புகுதல். தீக்கனவாகவும், கண்முன் மறுபடியும் நடப்பது போன்ற தோற்றமாகவும் அது வரும். இரண்டாவது, அதனை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர் அனைத்தையும் விலக்கி ஒதுங்குதல். மூன்றாவது, எண்ணமும் உணர்வும் கறுத்துப்போதல். 'யாரையும் நம்ப இயலாது', 'எல்லாம் என் குற்றமே' என்னும் எண்ணங்கள் இவ்வகையின. நான்காவது, எப்போதும் பகைவரை எதிர்பார்ப்பது போன்ற விழிப்பு. சிறு ஓசைக்கும் துள்ளி எழுதல், உறக்கமின்மை, சினம் ஆகியவை இதன்பாற்படும்.

அதிர்ச்சி நினைவு ஏனைய நினைவுகளைப் போன்றதன்று. ஏனையவை 'அன்று நடந்தது' என்னும் குறிப்போடு உள்ளத்தில் அடங்கிக் கிடக்கின்றன. அதிர்ச்சி நினைவோ 'இன்று நடக்கிறது' என்னும் குறிப்போடு எழுகிறது. இறந்தகால வினை நிகழ்கால வினையாகிவிடுதலே இந்நோயின் உட்பொருள் என்று தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்குமாறு கூறலாம்.

இரண்டும் இணைந்து வருதல்

வியட்நாம் சென்று வந்தவர்களின் நிலையை அறிய அமெரிக்கக் காங்கிரஸ் ஆணையிட்டதன் பேரில் நாடளாவிய பேராய்வு ஒன்று நடைபெற்று, 1990இல் நூலாக வெளிவந்தது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அங்குப் பணியாற்றிய ஆடவருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் அதிர்ச்சிநோயால் வருந்திக்கொண்டிருந்தனர் என அது கூறிற்று. படைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு 2006இல் வெளியான மறுகணக்கு, அத்தொகையை ஏறத்தாழ 9 விழுக்காடாகக் குறைத்தது. குறைத்துக் கணக்கிட்டாலும் அது பல இலட்சம் பேரைக் குறிக்கும். அதிர்ச்சிநோய் உற்றவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ ஆட்பட்டவர் என்பதும் அப்பேராய்வில் வெளிப்பட்டது.

இது படைவீரர்க்கு மட்டும் உரியதன்று. 1995இல் வெளியான அமெரிக்கப் பொதுமக்கள் ஆய்வொன்றில், அதிர்ச்சிநோய் உற்ற ஆடவருள் 52 விழுக்காட்டினர் மதுச் சிக்கலும், 35 விழுக்காட்டினர் போதைப்பொருட் சிக்கலும் உடையவராய் இருந்தனர். பெண்களிடத்து இவை முறையே 28, 27 விழுக்காடு. நோயில்லாதவரிடத்துக் காணப்பட்டதைவிட இவை மிகுதி. போரைக் காணாத வீடுகளிலும் கொடுமைகள் நடக்கின்றன. அவற்றின் வடுவும் இவ்வாறே மனிதரைப் போதையின்பால் தள்ளுகின்றது.

ஏன் போதையை நாடுகின்றனர்?

எட்வர்ட் கான்ட்சியன் என்னும் உளநோய் மருத்துவர் 1985இல் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். போதையை நாடுவோர் இன்பத்தையே தேடுகின்றனர் என்பது முழு உண்மையன்று. தாங்கவொண்ணாத உணர்ச்சிகளைத் தணித்துக்கொள்ள, தமக்குத் தாமே மருந்திட்டுக் கொள்கின்றனர் என்பதே அவர் கருத்து. எந்த உணர்ச்சி ஒருவரை வாட்டுகிறதோ, அதற்கேற்ற பொருளையே அவர் தேர்ந்து பற்றுகிறார் என்றும் அவர் கூறினார்.

உடலியலும் இதற்கு ஒருவாறு சான்று தருகின்றது. மூளைத்தண்டில் நீலநிறப் புள்ளிபோன்ற சிறு நரம்புக் கூட்டம் ஒன்று உண்டு. இடர் நேரும்போது அது நோரட்ரினலின் என்னும் பொருளைச் சுரந்து, மூளை முழுவதையும் விழித்தெழச் செய்கிறது. வீட்டில் தீப்பற்றினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணிக்கு இதனை ஒப்பிடலாம். அதிர்ச்சிநோய் உற்றவரிடத்து இந்த மணி காரணமின்றியும் ஒலிக்கிறது. அபினி இனத்துப் பொருள்கள் அந்நரம்புக் கூட்டத்தின் இயக்கத்தைத் தணிக்கின்றன. பல திங்களாக உறங்காதவர் ஹெராயினைத் தொட்ட இரவில் உறங்குகிறார். அவருக்கு அது போதையாகத் தோன்றுவதில்லை, அமைதியாகவே தோன்றுகிறது.

ஆனால் அந்த அமைதி கடனாக வாங்கியது. போதை இறங்கும்போது, அடக்கிவைக்கப்பட்ட நரம்புக் கூட்டம் முன்னினும் பன்மடங்கு வேகத்தோடு எழுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது, உறக்கம் ஓடிவிடுகிறது. இவை அதிர்ச்சிநோயின் குறிகளோடு ஒத்தவை. உடல் நடுங்கும்போது பழைய நினைவும் எழுகிறது. நினைவு எழும்போது போதையின் வேட்கையும் எழுகிறது. மீண்டும் போதை; மீண்டும் நடுக்கம். செக்கைச் சுற்றும் மாடுபோல் நோயாளி இவ்வட்டத்திலேயே உழல்கிறார். வியட்நாம் வீரர்களை வினவி 1996இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு இயைந்தது. மது, கஞ்சா, ஹெராயின், அமைதி மாத்திரைகள் ஆகியன தம் துன்பத்தைத் தணித்தன என்று அவர்கள் கூறினர். கொக்கெயின் மட்டும் படபடப்பை மிகுவித்ததாகக் கூறினர்.

போதை செய்யும் தீங்கு இன்னொன்றும் உண்டு. அதிர்ச்சி நினைவு ஆறவேண்டுமாயின், உள்ளம் அதனை எதிர்கொண்டு, 'இது முடிந்துபோன செய்தி' என்று கற்றுக்கொள்ளுதல் வேண்டும். நினைவு தலைகாட்டும்போதெல்லாம் போதையால் அதனை மூடிவிட்டால் அந்தக் கல்வி நிகழ்வதேயில்லை. பாடம் தொடங்கும் வேளையிலெல்லாம் வகுப்பைவிட்டு ஓடிவிடும் மாணவனைப்போல் உள்ளம் ஆகிவிடுகிறது.

முதலில் எது?

பழைய முறையை வகுத்தவர்கள் இரக்கமற்றவர் அல்லர். அவர்களுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. துயர நினைவைத் தொட்டால் வேட்கை மிகுந்து, நோயாளி மீண்டும் போதையில் வீழ்வார் என்று அஞ்சினர். போதையில் மயங்கிய மூளை புதியது எதனையும் கற்காது என்று கருதினர். போதை இறங்குவதால் வரும் நடுக்கத்தையும் அதிர்ச்சிநோயின் நடுக்கத்தையும் பிரித்தறிவது அரிது என்பதும் ஒரு காரணம். ஆகவே, சில திங்கள் போதையின்றி இருந்து காட்டிய பின்னரே அதிர்ச்சிநோய்க்கு மருத்துவம் என்று பல இடங்களில் விதி வகுத்தனர்.

அவ்விதி நோயாளியிடம் கேட்டது யாது? எந்த வலிக்காகப் போதையைப் பற்றினாரோ, அந்த வலிக்கு மாற்று எதுவும் தராமல், கையிலிருந்த ஒரே ஊன்றுகோலைக் கீழே போடும்படி கேட்டது. பலரால் அஃது இயலவில்லை. இயலாதபோது, 'மனவுறுதி அற்றவர்' என்னும் பழியும் வந்து சேர்ந்தது. 'எல்லாம் என் குற்றமே' என்று முன்னரே நம்பிக்கொண்டிருந்தவர்க்கு இப்பழி புண்ணில் பாய்ந்த வேலாயிற்று.

புதிய வழி

இந்நிலையை மாற்ற முயன்றவருள் லிசா நஜாவிட்ஸ் என்னும் உளவியலறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவர் வகுத்த முறை 2002இல் நூலாக வெளிவந்தது. பாதுகாப்பைத் தேடுதல் என்பது அதன் பெயரின் பொருள். அதில் 25 பாடங்கள் உள்ளன. பழைய நிகழ்ச்சியை விரித்துரைக்கும்படி அது கேட்பதில்லை. இன்றைய நாளைக் கேடின்றிக் கழிப்பது எவ்வாறு என்பதையே கற்பிக்கிறது. நினைவு வந்து மோதும்போது, காலடியில் உள்ள தரையை உணர்தல், கண்முன் உள்ள பொருள்களைப் பெயர்சொல்லி எண்ணுதல் முதலியவற்றால் உள்ளத்தை நிகழ்காலத்திற்கு மீட்பது அவற்றுள் ஒன்று. உதவி கேட்கப் பழகுதல், தீங்கு செய்யும் உறவினின்று விலகுதல் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பாடமும் அதிர்ச்சிநோய், போதை ஆகிய இரண்டையும் ஒருங்கே கருத்திற் கொண்டது.

இன்னொரு வழி, நினைவை நேராகவே எதிர்கொள்ளச் செய்வது. எட்னா ஃபோவா என்னும் அறிஞர் அதிர்ச்சிநோய்க்கென இதனை வகுத்தார். நோயாளி கண்களை மூடிக்கொண்டு, நடந்த கொடுமையை மருத்துவர் முன்னிலையில், நிகழ்காலத்தில் நடப்பதுபோல் விரித்துரைக்கிறார். அவ்வுரை ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. வீட்டில் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அச்சத்தால் விலக்கி வந்த, உண்மையில் கேடற்ற இடங்களுக்கும் படிப்படியாகச் செல்கிறார். அச்சத்தின் அளவைச் சுழியம் முதல் 100 வரை எண்ணிட்டுச் சொல்கிறார். தொடக்கத்தில் உயர்ந்து நின்ற எண் நாளடைவில் தாழ்கிறது. தீயென்று எண்ணி அஞ்சியது தீயின் நினைவேயன்றித் தீயன்று என்பதை உள்ளம் கற்றுக்கொள்கிறது.

இம்முறையைப் போதை மருத்துவத்தோடு பிணைத்துச் சூடி பேக், கேத்தலீன் பிரேடி, ஃபோவா, கேத்தரின் மில்ஸ் முதலியோர் ஒருங்கிணைந்த முறை ஒன்றை உருவாக்கினர். 2015இல் வெளிவந்த அதன் கையேட்டின்படி, அது 12 சந்திப்புகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 90 நிமிடம். சென்ற கிழமையில் போதையைத் தொட நேர்ந்ததா, எப்போது, எதனால் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் வினவப்படுகிறது. வேட்கையைக் கடக்கும் வழிகள் முதலில் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின்னரே நினைவை எதிர்கொள்ளும் பயிற்சி தொடங்குகிறது. இடையில் ஒருமுறை வழுக்கி வீழ்ந்தவரை வெளியேற்றுவதில்லை. அவ்வீழ்ச்சியே அடுத்த பாடத்திற்குரிய பொருளாகிறது.

சான்றுகள் கூறுவது

பழைய அச்சம் மெய்யாயிற்றா என்பதே முதன்மையான வினா. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 103 பேரைக் கொண்டு மில்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான போதை மருத்துவத்தோடு ஒருங்கிணைந்த முறையும் சேர்த்துத் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம் மட்டும் தரப்பட்டது. ஒன்பது திங்கள் கழித்து அளந்தபோது, அதிர்ச்சிநோயின் கடுமை முதற்பிரிவில் சராசரி 38 புள்ளியும் மற்றதில் 23 புள்ளியும் குறைந்திருந்தது. போதைச் சிக்கல் இரு பிரிவிலும் குறைந்தது. அதில் பெரிய வேறுபாடு இல்லை. துயர நினைவைத் தொட்டதனால் போதை மிகவில்லை என்பதே இதனால் அறியப்பட்ட பெரும் உண்மை.

2013இல் ஃபோவா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அதிர்ச்சிநோயும் மதுவடிமைத்தனமும் ஒருங்கே உற்ற 165 பேரைப் பற்றியது. அதிலும் நினைவை எதிர்கொண்டவர்க்குக் குடி மிகவில்லை. மதுவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை பெற்றவர் குடித்த நாட்கள் குறைந்தன. மருத்துவம் முடிந்து ஆறு திங்கள் கழிந்த பின், மாத்திரையும் எதிர்கொள்ளும் பயிற்சியும் ஒருங்கே பெற்றவரிடத்தே குடி மீள்வது மிகக் குறைவாக இருந்தது.

எது எதனை இழுத்துச் செல்கிறது என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. டெனிஸ் ஹியன் குழுவினர் 353 பெண்களின் முன்னேற்றத்தைக் கிழமைதோறும் தொடர்ந்து நோக்கி, 2010இல் முடிவை வெளியிட்டனர். அதிர்ச்சிநோய் தணிந்தவரிடத்துப் பின்னர்ப் போதையும் தணிந்தது. போதை முதலில் தணிந்ததனால் அதிர்ச்சிநோய் தணிந்தது என்பதற்குக் கிடைத்த சான்று மிகச் சிறிதே. 'முதலில் போதையை விடு. மற்றது தானே சரியாகும்' என்னும் பழைய விதியின் அடித்தளமே இதனால் ஆட்டங்கண்டது. இத்தகைய சான்றுகளின் வழியே, 2017இல் அமெரிக்கப் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத்துறையும் வெளியிட்ட நெறிமுறை, ஒருவர்க்கு வேறொரு நோயும் உண்டு என்பதைக் காரணமாக்கி அதிர்ச்சிநோய் மருத்துவத்தை மறுத்தல் கூடாது என்று அறிவுறுத்திற்று.

மருந்தும் அதன் எல்லையும்

உரையாடல் ஒன்றே போதும் என்று கருதுதல் தவறு. ஹெராயின் போன்ற அபினியினப் பொருள்களுக்கு அடிமையானவர்க்கு மருந்தின் துணை இன்றியமையாதது. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1965இல் மெத்தடோன் மருந்தின் பயனை எடுத்துக்காட்டினர். நாளொன்றுக்கு ஒரு முறை அளந்து தரப்படும் அது, வேட்கையையும் நடுக்கத்தையும் அடக்கி, நோயாளியை நிலையான வாழ்வில் நிறுத்துகிறது. புப்ரெனார்ஃபின் என்னும் மருந்தும் இன்று அவ்வாறே பயன்படுகிறது. ஏறியும் இறங்கியும் ஆடும் ஊசலை இவை நிறுத்துவதால், எதிர்கொள்ளும் பயிற்சிக்கு வேண்டிய அமைதி உள்ளத்திற்குக் கிட்டுகிறது. 'ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை' என்று இதனைப் பழிப்போர் உளர். அளவறிந்து மருத்துவர் தரும் மருந்தும், அளவறியாமல் தெருவில் வாங்கும் நஞ்சும் ஒன்றாகா. உயிர்காக்கும் இம்மருந்தைத் திடீரென நிறுத்துதல் பேரிடர் விளைவிக்கும்.

மருந்தால் வரும் கேட்டையும் மறத்தல் கூடாது. அச்சத்தைத் தணிக்கும் டயசிபாம் இனத்து மாத்திரைகள் ஒரு காலத்தில் அதிர்ச்சிநோய்க்கு மிகுதியாகத் தரப்பட்டன. அவை நோயைத் தீர்ப்பதில்லை; தாமே அடிமையாக்கும் இயல்புடையன; அபினியினப் பொருளோடு சேர்ந்தால் மூச்சை அடக்கி உயிரையும் போக்கும். ஆதலின் இன்றைய நெறிமுறைகள் அதிர்ச்சிநோய்க்கு அவற்றை விலக்கும்படி கூறுகின்றன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து உடல்வலியோடு திரும்பிய 1,41,029 வீரர்களைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வொன்று மற்றொரு பாடம் புகட்டிற்று. உளநோய் இல்லாதவருள் 6.5 விழுக்காட்டினர்க்கு அபினியின வலிமருந்து தரப்பட்டிருந்தது. அதிர்ச்சிநோய் உற்றவருள் 17.8 விழுக்காட்டினர்க்குத் தரப்பட்டிருந்தது. எவர்க்கு அம்மருந்தால் மிகுந்த இடர் நேருமோ, அவர்க்கே அது மிகுதியாகச் சென்றது. உள்ளத்து வலியையும் உடல் வலியாகவே கொண்டு மருந்தெழுதியதன் விளைவு இஃது எனலாம்.

எஞ்சிய குறைகள்

புதிய வழியால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நினைவை எதிர்கொள்ளுதல் கடினமான பணி; இடையில் நின்றுவிடுவோர் பலர். ஹியன் குழுவினர் ஆராய்ந்த அப்பெண்களிடத்து, நஜாவிட்ஸ் முறையைப் பெற்றவரும், பொதுவான உடல்நலக் கல்வியைப் பெற்றவரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே நலம் பெற்றனர். ஆகவே எம்முறை எவர்க்கு ஏற்றது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. நன்கு பயின்ற மருத்துவர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. தற்கொலை எண்ணம் முற்றியவர்க்கும், போதையை நிறுத்தியதும் வலிப்புக் காணும் அளவிற்கு மது முற்றியவர்க்கும் முதலில் மருத்துவமனையில் உடற்காப்பு வேண்டும். ஒருசேரத் தீர்த்தல் என்பதன் பொருள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குதல் அன்று; ஒன்றைக் காரணமாக்கி மற்றொன்றைத் தள்ளிவையாமையே அதன் பொருள்.

அருகிருப்போர் கடமை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுடையதாகப் பகுத்துரைக்கும். நோயுற்றவரும், தீர்ப்பவரும், மருந்தும் மட்டுமன்றி, அருகிருந்து பேணுபவரும் அதன் உறுப்பாவார். இந்த நான்காம் உறுப்பு இவ்விரு நோயிலும் மிக வேண்டப்படுவது. போதைக்கு ஆட்பட்டவரைக் கண்டால், 'ஏன் இதை விடமாட்டேன் என்கிறாய்?' என்று கேட்பதே வீட்டாரின் வழக்கம். அக்கேள்வியில் பழி இருக்கிறது. 'இது உனக்கு எதை ஆற்றுகிறது?' என்று கேட்டால், அதற்குள்ளே ஒரு வழி திறக்கிறது. கேட்டதும் விடை வாராது. வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். நடந்ததை உடனே சொல்லும்படி வற்புறுத்துதலும் தகாது. சொல்லும் இடத்தையும் காலத்தையும் தேர்தல் அவர் உரிமை.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் காரணமின்றித் துள்ளி எழும் மாணவன், உறங்காத கண்களோடு வரும் மாணவி, திடீரெனத் தீய பழக்கத்தில் வீழ்ந்த நல்ல பிள்ளை ஆகியோரிடத்துத் தண்டனைக்கு முன் ஒரு வினா எழுதல் நன்று. பழக்கத்திற்கு அடியில் புண் ஏதேனும் உண்டோ என்பதே அவ்வினா. புண் இல்லாமலும் இருக்கலாம்; வியட்நாமில் ஹெராயினைத் தொட்டவர் எல்லாரும் புண்பட்டவர் அல்லரே. இருக்குமாயின், அதனை ஆற்றாமல் பழக்கத்தை மட்டும் பிடுங்க முயல்வது, வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகவே முடியும்.

வியட்நாமிலிருந்து திரும்பிய வீரருள் பலர் இடத்தை மாற்றியதால் விடுபட்டனர். உள்ளத்திற்குள்ளேயே களத்தைச் சுமந்து வந்தவர்க்கு மாற்றித்தர வேறு இடமில்லை. அவர்களை அந்தக் களத்திலிருந்து கைபிடித்து அழைத்து வருதலும், கையிலுள்ள நஞ்சை மெல்ல வாங்கிக்கொள்ளுதலும் ஒரே பயணத்தின் இரண்டு அடிகளாகும்.